கோயில் டிரஸ்ட் காசுல கட்சி வேலை நடந்தா வரிவிலக்கு போயிடுமா? பொருளாளர் நான் என்ன செய்யணும்?

குடமுருட்டிக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கங்க, ஊருக்குள்ள யார்கிட்டயும் கேக்க முடியாத கேள்வி.

வலங்கைமான் பக்கம் ஒரு கிராமம், ஊர் பேர் வேண்டாம். எங்க அம்மன் கோயில் அறநிலையத்துறையில வராது, ஊர்க்காரங்க சேந்து பதிவு பண்ணின டிரஸ்ட்தான் பாத்துக்குது, நான் 4 வருஷமா பொருளாளர். கோயிலை ஒட்டி ஒரு கல்யாண மண்டபம் இருக்கு, நாள் வாடகை 8,000. 3 ஏக்கர் நஞ்சை குத்தகைக்கு விட்டிருக்கோம். வெள்ளிக்கிழமை அன்னதானம், சாயங்காலம் பிள்ளைங்களுக்கு டியூஷன். வருமான வரியில விலக்கு கிடைக்கறதுக்கான 12ஏபி பதிவு இருக்கு, அதை வாங்கறதுக்கு நான் கும்பகோணத்துக்கு எத்தனை பஸ் ஏறி எறங்கினேன்னு எனக்குத்தான் தெரியும். நன்கொடை குடுக்கறவங்களுக்கு வரிக் கழிவு கிடைக்கற 80ஜியும் கேட்டோம், கோயில் செலவு 5%க்கு மேல இருக்கு அதனால கிடைக்காதுன்னு ஆடிட்டர் சொல்லிட்டாரு, சரின்னு விட்டுட்டோம்.

இப்ப பிரச்சினை என்னன்னா டிரஸ்ட் தலைவர் எனக்குப் பெரியப்பா மகன், அண்ணன் முறை. போன வருஷம் அவருக்கு ஒரு கட்சியில ஒன்றிய அளவுல பொறுப்பு குடுத்தாங்க. எந்தக் கட்சின்னு சொல்ல மாட்டேன், எந்தக் கட்சியா இருந்தாலும் என் கேள்வி இதேதான். எலெக்ஷன் நெருங்கவும் பூத் கமிட்டி கூட்டத்துக்கு மண்டபத்தைத் தொறந்து விட்டாரு, சாவி என்கிட்டதான் இருக்கும், ஆள் வந்து கேட்டப்ப என்ன கூட்டம்னேன், ஊர்க் கூட்டம்னான், குடுத்துட்டேன். மறுநாள் காலையில மண்டபம் கூட்டற அக்கா மூலையில கெடந்த கொடிக் கயித்தையும் துண்டு நோட்டீஸையும் முறத்துல அள்ளிக்கிட்டு வந்து என் வீட்டுத் திண்ணையில வச்சிட்டு ஒரு வார்த்தை பேசாம போயிட்டாங்க. அந்தப் பார்வை இன்னும் கண்ணுல நிக்குது.

அதோட நின்னா கூட நான் இங்க எழுதியிருக்க மாட்டேன். போன வாரம் ஒரு வவுச்சர் வந்துச்சு, "திருவிழா பந்தல், மேளம் வகையில் 18,500". திருவிழா முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு, என்ன பந்தல்னு பின்னாடி குத்தியிருந்த பில்லைத் திருப்பிப் பாத்தா வேட்பாளர் வரவேற்புக்கு அடிச்ச ஃப்ளெக்ஸும் ட்ரம் செட்டும். நான் கையெழுத்துப் போடல. வவுச்சர் என் மேஜை டிராயர்லதான் கெடக்கு, அண்ணன் தினமும் போன் பண்றாரு, "நம்ம ஊருக்கு ரோடு வரணும்னா இதெல்லாம் செய்யத்தான் வேணும், கோயில் காசு ஊர்க் காசுதானேடா"ங்கறாரு.

ஊர்க் காசுதான். அதனாலதான் எனக்குத் தூக்கம் வரல. எங்க தெருவுல ஒரு ஆயா இருக்கு, தாளடி அறுத்தப்புறம் தரிசுல தெளிச்ச உளுந்தைப் பறிச்சு, தட்டி, பொடைச்சு வித்து வருஷா வருஷம் 500 ரூபாய் கொண்டாந்து குடுக்கும். அதோட மருமகன் வேற கட்சியில கிளைச் செயலாளர். அந்த 500ல இந்த ஃப்ளெக்ஸை அடிச்சா நான் அந்தத் தெருவுல எப்படி நடக்கறது?

கேக்க வேண்டியது மூணு. இதனால வரிவிலக்கு போயிடுமா? மண்டபத்துக்கு முறையா 8,000 வாங்கி ரசீது போட்டுட்டா தப்பு இல்லாம போயிடுமா? அப்புறம் பொதுவா ஒண்ணு, அரசியல் பண்ற மத ஸ்தாபனத்துக்கு எதுக்கு வரிவிலக்குன்னு எங்க ஊர்ப் பசங்களே கேக்கறாங்க, என்ன பதில் சொல்றது?


மன்னை கணக்கு:

தம்பி, நான் மன்னார்குடியில உக்காந்து 30 வருஷமா டிரஸ்ட் கணக்கு பாக்கறவன், கோயில், மடம், ஜமாத், சர்ச் எல்லாம் பாத்தாச்சு. மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், அந்த வவுச்சர்ல எக்காரணம் கொண்டும் கையெழுத்துப் போடாத, கிழிச்சும் போடாத, அப்படியே வை.

வரிவிலக்குங்கறது சாமி பேர்ல இருக்கறதால தானா வர்றது இல்ல. 1961 வருமான வரிச் சட்டத்துல 11, 12 பிரிவு, அதுல மத காரியத்துக்கோ தர்ம காரியத்துக்கோ செலவழிக்கிற வருமானத்துக்குத்தான் விலக்கு. வருஷ வருமானத்துல 85% அந்தக் காரியத்துக்கே போகணும், 15% வரைக்கும் சேத்து வச்சுக்கலாம். (பழைய நம்பர்லயே சொல்றேன், புது 2025 சட்டம் 2026 ஏப்ரல் 1ல இருந்துங்கறதால நம்பர் எல்லாம் மாறுது, விஷயம் அதேதான்.) வேட்பாளர் வரவேற்பு மத காரியமும் இல்ல, தர்ம காரியமும் இல்ல. டிரஸ்ட் பத்திரத்துல எழுதின நோக்கத்துக்கு வெளிய காசு போச்சுன்னா பதிவையே ரத்து பண்ற அதிகாரம் கமிஷனருக்கு 2022ல இருந்து தெளிவாவே இருக்கு. 18,500 சின்னத் தொகைன்னு நெனைக்காத, சட்டத்துல "எந்த வருமானமும்"னுதான் இருக்கு. அதைவிட மோசம், திருவிழா செலவுன்னு பொய்யா எழுதினது.

ரத்தானா என்ன ஆகும்னு நெறைய பேருக்குத் தெரியாது, அந்த வருஷத்து வரியோட முடிஞ்சிடும்னு நெனைக்கறாங்க. 115டிடின்னு ஒண்ணு 2016ல கொண்டாந்தாங்க. பதிவு போச்சுன்னா டிரஸ்ட் சொத்தோட சந்தை மதிப்புல கடனைக் கழிச்சு மீதிக்கு உச்ச விகிதத்துல வரி. உங்க மண்டபமும் அது நிக்கிற மனையும் இன்னிக்கு என்ன விலை போகும்னு நீயே போட்டுப் பாரு, அண்ணன்கிட்டயும் போட்டுக் காட்டு, 18,500க்கு எதைப் பணயம் வைக்கிறோம்னு புரியும். குத்தகை நெல்லுக்கு வர்ற பணம் விவசாய வருமானம், அதுக்கு 10(1)ல யாருக்குமே மத்திய வரி கிடையாது, அதனால அதைப் பத்திக் கவலை இல்ல, ஆபத்து மண்டப வாடகைக்கும் உண்டியலுக்கும் சொத்துக்கும்தான்.

ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். ரசீது போட்டா சரியாயிடும்னு நெனைக்கிறது வரிக் கணக்குக்கு வேணா பொருந்தும், நாள் வாடகை 10,000க்குக் கீழ இருக்கறதால ஜிஎஸ்டியும் உங்க மண்டபத்துக்கு வராது. ஆனா இதுல வேற சட்டம் இருக்கு தம்பி, யாரும் பேசறதே இல்ல. 1988ல வந்த மத நிறுவனங்கள் தவறாகப் பயன்படுத்துதல் தடுப்புச் சட்டம். அமிர்தசரஸ் பொற்கோயில்ல இருந்த தீவிரவாதிகளை வெளியேத்த அந்த வருஷம் மே மாசம் நடந்த பிளாக் தண்டர் நடவடிக்கைக்கு அப்புறம் மொதல்ல அவசரச் சட்டமா வந்து பின்னாடி சட்டமாச்சு. பொற்கோயிலுக்காக வந்ததுன்னாலும் எல்லா மதத்துக்கும், எல்லா ஊருக்கும் பொருந்தும். மத நிறுவனத்துக்குச் சொந்தமான எந்த இடத்தையும் அரசியல் வேலைக்கு உபயோகிக்க விடக்கூடாது, அதுல ஓசி வாடகைன்னு பாகுபாடு கெடையாது. காசையும் கட்சிக்குக் குடுக்கக்கூடாது. திருவிழா, ஊர்வலம் எதையும் அரசியலுக்கு விடக்கூடாது. மீறினா 5 வருஷம் வரைக்கும் ஜெயில், 10,000 வரைக்கும் அபராதம். நிர்வாகின்னு சட்டம் சொல்றது தலைவரை மட்டும் இல்ல, நிர்வாகத்துல இருக்கற எல்லாரையும். இந்த மாதிரி நடந்தா, இல்ல நடக்கப் போகுதுன்னு தெரிஞ்சா போலீஸுக்குத் தகவல் சொல்ல வேண்டிய கடமையும் அந்தச் சட்டத்துலயே நிர்வாகி மேல இருக்கு. சாவி உன்கிட்ட இருக்குன்னு சொன்ன பாரு, அதைப் படிச்சப்பத்தான் எனக்குப் பக்குன்னுச்சு.

அண்ணனுக்குக் கட்சி மேல அவ்வளவு பற்று இருந்தா தன் சொந்தக் காசை நேரா கட்சிக்கு செக்ல குடுக்கட்டும். பழைய வரி முறையில இருந்தா 80ஜிஜிசியில முழுத் தொகைக்கும் கழிவு உண்டு. அதுக்கு சட்டமே வழி தொறந்து வச்சிருக்கறப்ப அம்மன் உண்டியல்ல கை வைக்க வேண்டிய அவசியம் என்ன?


திருவாரூர் தேரடி:

கணக்கு சார் சட்டம் சரியா சொல்றாரு, ஆனா எனக்கு ஒரு விஷயத்துல உடன்பாடு இல்ல, சொல்லியே ஆகணும். காசைத் திருடி ஃப்ளெக்ஸ் அடிச்சது தப்பு, அதுல ரெண்டு பேச்சு இல்ல. ஆனா கோயில், பள்ளிவாசல், சர்ச்சு எல்லாம் ஊர்ப் பிரச்சினையில வாயைத் தொறக்கவே கூடாதுன்னா நாங்க எங்க கூடறது? மீத்தேன், ஹைட்ரோகார்பன்னு எங்க பக்கம் கொழாய் எறக்க வந்தப்ப எங்க ஊர்ல மொதக் கூட்டம் நடந்ததே மாரியம்மன் கோயில் வாசல்லதான், மணி அடிச்சுத்தான் ஜனத்தைக் கூட்டினோம், பக்கத்து ஊர் ஃபாதர் பூசையிலயே பேசினாரு, ஜமாத்துலயும் பேசினாங்க. அந்த மாதிரி ஊர் ஊரா பேசினதுனாலதான் 2020ல டெல்டாவை பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்னு சட்டம் போட்டாங்க. மேட்டூர் தண்ணி ஜூன் 12ல தொறக்கலைன்னா எங்க பேசறது, டீக்கடை பெஞ்சுல முந்நூறு பேர் உக்கார முடியுமா?

ஏழைப்பட்ட ஊருக்கு இருக்கற ஒரே பெரிய கூரை கோயில் மண்டபம்தான். பணக்காரன் ஏசி ஹால் புடிச்சு கூட்டம் போடுவான். இவனுக்கு வாயடைச்சா யாருக்கு லாபம்?


மன்னை கணக்கு:

தேரடி, நீங்க சொல்றது நியாயமான கேள்விங்க, அதை நான் தள்ளல. இன்னும் சொல்லப் போனா உங்க பயம் சட்டப்படியும் சரிதான். அந்த 1988 சட்டத்துல "அரசியல் செயல்பாடு"ங்கறதுக்கு விளக்கம் ரொம்ப அகலம், கட்சி, வேட்பாளரோட நிக்கல, "அரசியல் தன்மையுள்ள எந்தப் பிரச்சினை, கேள்வி"யும் அதுல வருது. எழுத்துக்கு எழுத்து புடிச்சா உங்க மாரியம்மன் வாசல் கூட்டத்தையும் அதுல சேத்துடலாம். அது எனக்கு சரியாப் படல. தண்ணி கேக்கறதும் ஓட்டு கேக்கறதும் ஒண்ணு இல்ல, சட்டம் அந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு வரப்பு போட்டிருக்கணும், போடாம விட்டுட்டாங்க.

ஆனா குடமுருட்டிக்கரை தம்பி கேட்டது அந்த வரப்பு மேல நிக்கற கேஸ் இல்ல. பூத் கமிட்டிங்கறது எந்தக் கண்ணால பாத்தாலும் கட்சி வேலை.


நாகை சரித்திர டீச்சர்:

மூணாவது கேள்விக்கு நான் கொஞ்சம் சொல்றேன், அது எனக்குப் புடிச்ச விஷயம், 22 வருஷமா பிள்ளைங்களுக்கு இதைத்தான் சொல்லிக் குடுக்கறேன்.

வரிவிலக்குங்கறது வெள்ளைக்காரன் கொண்டாந்ததும் இல்ல, டெல்லி கண்டுபுடிச்சதும் இல்ல. நம்ம டெல்டாவுல எந்தப் பழைய கோயில் சுவத்துல கை வச்சாலும் "இறையிலி"ன்னு ஒரு சொல்லு தட்டுப்படும். இறைன்னா வரி, இறையிலின்னா வரி இல்லாத நெலம். சிவன் கோயிலுக்குக் குடுத்தது தேவதானம், பெருமாள் கோயிலுக்குக் குடுத்தது திருவிடையாட்டம், சமண பௌத்தப் பள்ளிகளுக்குக் குடுத்தது பள்ளிச்சந்தம். எங்க நாகப்பட்டினத்துல சூடாமணி விகாரம்னு புத்த விகாரம் ஒண்ணு இருந்துச்சு, ஸ்ரீவிஜய அரசன் கட்டினது, அதுக்கு ஆனைமங்கலங்கற ஊரையே ராஜராஜன் எழுதி வச்சாரு. அந்தச் செப்பேடு நெதர்லாந்துல லெய்டன் வரைக்கும் போச்சு. சைவ ராஜா பௌத்த விகாரத்துக்கு விலக்கு குடுத்தாரு, அதைத்தான் நான் வகுப்புல ஒவ்வொரு வருஷமும் நிறுத்தி நிதானமா சொல்லுவேன். அதுக்கப்புறம் மராட்டியர் காலத்துல பாருங்க, நாகூர் தர்காவோட பெரிய மினாராவைக் கட்டிக் குடுத்தவர் தஞ்சாவூர் பிரதாப சிங் ராஜா.

அதுல அரசியல் இல்லையான்னு கேட்டா, நெறைய இருந்துச்சு. ஸ்ரீவிஜயம், கடாரத்தோட கப்பல் வியாபாரம் நல்லா நடக்கணும், அதுக்குத்தான் விகாரத்துக்கு மரியாதை. கோயில் கட்டின ராஜாவோட மெய்க்கீர்த்தியைத்தானே கோயில் சுவத்துல மொதல்ல வெட்டினாங்க. ஆனா அந்தக் காலத்துல அரசன் ஒருத்தன்தான், இறையை விட்டுக் குடுத்தவனும் அவனேதான். இப்ப விட்டுக் குடுக்கறது யாருங்க? நம்ம எல்லாரும். கோயில் கட்டாத வரியை எண்ணெயிலயும் சோப்புலயும் சேத்து மத்தவங்க கட்டறாங்க, அதுல எல்லாக் கட்சிக்காரனும் இருக்கான், சாமியே கும்புடாதவனும் இருக்கான். எல்லாரும் சேந்து குடுத்த சலுகையை ஒரு கட்சி எடுத்துக்கறதுக்குப் பேர் என்ன? அந்த ஊர்ப் பசங்க கேக்கறது தப்பே இல்ல தம்பி, அவங்களை அதட்டாதீங்க. அரசியல் சாசனம் 27வது பிரிவுல ஒரு குறிப்பிட்ட மதத்தை வளக்கறதுக்கு யாரையும் வரி கட்டச் சொல்லக்கூடாதுன்னு இருக்கு. எல்லா மதத்துக்கும் ஒரே மாதிரி குடுக்கற விலக்கு அதுல அடிபடல, சரி. ஆனா அந்த விலக்கு கட்சிக்கு மடை மாறிச்சுன்னா அந்தப் பிரிவோட மனசு நோகும்னுதான் நான் சொல்லுவேன்.


நாகூர் அலங்கார வாசல்:

டீச்சர் எங்க ஊரைச் சொன்னதால நானும் எழுதறேன். இது கோயிலுக்கு மட்டும் உள்ள வியாதி இல்ல. எனக்குத் தெரிஞ்ச ஒரு ஜமாத்துல, பேர் வேண்டாம், ஜும்ஆ முடிஞ்சதும் செயலாளர் மைக்கைப் புடிச்சு இன்ன சின்னத்துக்கு ஓட்டுப் போடறதுன்னு நிர்வாகம் முடிவு பண்ணியிருக்குன்னு படிக்க ஆரம்பிச்சாரு. பின்வரிசையில இருந்து ஒரு பெரியவர் எந்திரிச்சு நின்னு, "தம்பி, இங்க தொழ வந்திருக்கோம், என் ஓட்டை உங்க நிர்வாகம் எப்ப முடிவு பண்ணுச்சு"ன்னாரு. சத்தமே போடல, ரொம்ப மெதுவாத்தான் கேட்டாரு. மைக் அமைதியாயிடுச்சு.

வேட்பாளர் தர்காவுக்கு வந்து போர்வை போத்தறதையோ கோயில்ல அர்ச்சனை பண்றதையோ நான் தப்பு சொல்லல, அவனும் மனுஷன், வேண்டிக்கட்டும். அங்கயே நின்னு ஓட்டு கேக்கறதுதான் தப்பு. தேர்தல் நடத்தை விதியிலயே கோயில், மசூதி, சர்ச் எதையும் பிரசார மேடையா ஆக்கக்கூடாதுன்னு இருக்கு. மதத்தைச் சொல்லி ஓட்டு கேட்டா ஜெயிச்ச ஜெயிப்பே செல்லாதுன்னு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123ல இருக்கு, 2017 ஜனவரி 2ல சுப்ரீம் கோர்ட்ல 7 நீதிபதிகள் உக்காந்து 4க்கு 3ன்னு அதை இன்னும் இறுக்கினாங்க, வேட்பாளரோட மதம் மட்டும் இல்ல, ஓட்டுப் போடறவன் மதத்தைச் சொன்னாலும் தப்புன்னு. உங்க அண்ணன்கிட்ட இதைச் சொல்லுங்க, அவர் வேலை செய்யற வேட்பாளருக்கே இதுல சிக்கல் வரும்.

இன்னொண்ணு எனக்கு ரொம்ப நாளா உறுத்தற விஷயம், உண்டியல். அதுல யார் எவ்வளவு போட்டான்னு பேரே கெடையாது.


மன்னை கணக்கு:

பாய் நல்ல எடத்துல கை வச்சிருக்காரு. பேர் தெரியாத நன்கொடைக்கு 30% வரின்னு 115பிபிசின்னு ஒரு பிரிவு இருக்கு. ஆனா முழுக்க மத ஸ்தாபனத்துக்கு அது கிடையாது, உண்டியல் போடறவன் பேரை எழுதி வைக்க முடியாதுங்கறதால விட்டுட்டாங்க, நியாயமான விலக்குதான். இந்தப் பக்கம் கட்சிகளுக்கும் வரிவிலக்கு உண்டு, 13ஏ. ஆனா 2017ல இருந்து 2,000க்கு மேல ரொக்கமா நன்கொடை வாங்கக்கூடாது, 20,000க்கு மேல குடுத்தவங்க பேரை வச்சிருக்கணும். இப்ப உண்டியலையும் கட்சியையும் சேத்து வச்சுப் பாருங்க. கணக்குல வராத பணத்தை ராத்திரி உண்டியல்ல போட்டு, காலையில எண்ணி, பந்தல் செலவுன்னு எழுதி கட்சிக்குக் குடுத்தா, எந்த எடத்துலயும் ஒரு பேரும் தெரியாது. ஆயா போட்ட பத்து ரூபாய்க்காக குடுத்த விலக்கு, எவனோ ஒருத்தன் மூட்டையை மறைக்கற போர்வையா ஆயிடும். சட்டம் இந்த ரெண்டையும் பிரிச்சு வைக்கறதுக்குப் பெரிய காரணமே அதுதான்.


எடிசன் தஞ்சாவூரான்:

நியூஜெர்சியில இருந்து எழுதறேன், சொந்த ஊர் பாபநாசம். இங்க இதே சண்டை 70 வருஷமா நடக்குது. 1954ல லிண்டன் ஜான்சன் செனட்டரா இருந்தப்ப ஒரு திருத்தம் கொண்டாந்தாரு, வரிவிலக்கு வாங்கற சர்ச், கோயில், தர்ம ஸ்தாபனம் எதுவும் வேட்பாளருக்கு ஆதரவாவோ எதிராவோ பிரசாரம் பண்ணக்கூடாதுன்னு. தேரடி அண்ணன் கேட்ட வரப்பு இந்தச் சட்டத்துல ஓரளவு இருக்கு, பொதுப் பிரச்சினையைப் பத்திப் பேசலாம், வேட்பாளர் பேரைச் சொல்லித்தான் பேசக்கூடாது.

ஆனா தண்டனை வரைக்கும் போனது அபூர்வம். 1992ல நியூயார்க் மாநிலத்துல ஒரு சர்ச் கிளின்டனுக்கு ஓட்டுப் போடாதீங்கன்னு முழுப்பக்க விளம்பரம் பேப்பர்ல குடுத்துச்சு, 1995ல வரி ஆபீஸ் அவங்க விலக்கை எடுத்துடுச்சு, 2000ல அப்பீல் கோர்ட்டும் அது சரின்னுடுச்சு. இப்ப நெலமை தளருது, 2025 ஜூலையில வரித்துறையே டெக்சஸ் கோர்ட்ல ஒரு வழக்குல, வழிபாட்டு நேரத்துல தங்க சபைகிட்ட வேட்பாளரைப் பத்திப் பேசினா அதை நாங்க பிரசாரமா எடுத்துக்க மாட்டோம்னு எழுதிக் குடுத்துச்சு. எனக்கு அது நல்லதாப் படல.

நான் போற கோயில்ல கமிட்டிக்கு ஒரு வக்கீல் சொன்ன வழி ரொம்ப சுலபம். ஒரு வேட்பாளரைக் கூப்புட்டா எதிர்த்து நிக்கறவரையும் அதே மாதிரி, அதே நேரம் குடுத்துக் கூப்புடணும். அதைக் கேட்டதும் பாதிக் கமிட்டிக்கு யாரையும் கூப்புட ஆசையே போயிடுச்சு. ஆனா இந்த வழி நம்ம ஊருக்குப் பொருந்தாது, அங்க ரெண்டு பேரைக் கூப்புட்டாலும் தப்பு தப்புதான்.


வேளாங்கண்ணி ரோடு:

ஒண்ணே ஒண்ணு மட்டும். விலக்கு ஸ்தாபனத்துக்குத்தான், ஆளுக்கு இல்ல. எங்க பக்கம் அரசு உதவி பெறும் பள்ளிக்கூடத்துல வேலை பாக்கற சிஸ்டர், ஃபாதருங்க சம்பளத்தை அப்படியே சபைக்குக் குடுத்துடறாங்க, அதனால வரி புடிக்கக்கூடாதுன்னு பல வருஷமா வழக்கு நடந்துச்சு. 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் வரி புடிக்கத்தான் வேணும்னு சொல்லிடுச்சு. வறுமை விரதம் எடுத்த சிஸ்டரே கட்டறாங்க. அப்படி இருக்கறப்ப கோயில் பணத்துல ட்ரம் செட் அடிக்கறவங்க எந்த முகத்தோட விலக்கு கேப்பாங்க?


குத்தாலம் பெரியவர்:

நான் கோயில் ஆபீஸ்ல எழுத்தரா இருந்து ரிடையர் ஆனவன். உங்க ஊர்ல துறை இல்லைன்னீங்க. துறை இருக்கற கோயில்ல அரசியல் இல்லைன்னு நெனைச்சுக்காதீங்க, அங்க அது வேற வாசல் வழியா வரும், ஆட்சி மாறினா அறங்காவலர் மாறுவாங்க, விழா மேடையில யாருக்கு மொத மாலைங்கறதுல சண்டை வரும். இத்தனைக்கும் அந்தக் கோயில்களுக்கு வருமானத்துல 12% வரைக்கும் துறைக்கு, 4% வரைக்கும் தணிக்கைக்குன்னு போகுது. அது வரி இல்ல, செய்யற வேலைக்குக் கட்டணம்னு சொல்றாங்க, வரிக்கும் கட்டணத்துக்கும் என்ன வித்தியாசம்னு 1954ல ஷிரூர் மடம் வழக்குல சுப்ரீம் கோர்ட் அலசினது அதைத்தான்.

அது கெடக்கட்டும். தம்பிக்கு அனுபவத்துல ஒண்ணு சொல்றேன். அண்ணன்கிட்ட தனியா பேசாத. தனியாப் பேசினா அது குடும்பச் சண்டை ஆயிடும், உன்னைப் பொறாமைக்காரன்னுவாங்க. டிரஸ்ட் கூட்டத்தைக் கூட்டு, ஏழு நாள் முன்னாடி எழுத்துல அஜெண்டா குடு, வவுச்சரையும் பில்லையும் மேஜை மேல வை, நடந்ததை மினிட் புக்ல எழுத வை. நீ கையெழுத்துப் போடலைங்கறதும் அதுல வரணும். நாளைக்கு யார் கேட்டாலும் பேசப் போறது அந்தப் புக்குதான். போலீஸுக்கு எழுதறதை அதுக்கப்புறம் கணக்கு சாரைக் கேட்டு முடிவு பண்ணு.


குடமுருட்டிக்கரை:

எல்லாருக்கும் கை எடுத்துக் கும்புடறேன். பத்து நாளா பதில் போடாததுக்கு மன்னிக்கணும், பெரியவர் சொன்ன மாதிரியே செஞ்சேன், நேத்து சாயங்காலம்தான் கூட்டம் முடிஞ்சுது.

9 பேர்ல 8 பேர் வந்தாங்க. நான் சட்டம் எல்லாம் நீட்டல, கணக்கு சார் சொன்ன மாதிரி மண்டபத்துக்கும் மனைக்கும் இன்னிக்கு விலை என்ன, பதிவு போனா எவ்வளவு கட்டணும்னு ஒரு வெள்ளைத் தாள்ல பெருசா எழுதி நடுவுல வச்சேன். அதைப் பாத்ததும் அண்ணன் கட்சிக்காரரே ஒருத்தர், "இது நமக்கு வேணாம்பா, வெளிய பாத்துக்கலாம்"னாரு. அண்ணன் கொஞ்ச நேரம் கத்தினாரு, என்னை வளத்தது அவங்க அப்பான்னாரு, அது நெஜம்தான், எனக்குத் தொண்டை அடைச்சுது. அப்புறம் 18,500க்கு இனிமே டிரஸ்ட்டுக்கும் சம்மந்தம் இல்ல, தன் கைக்காசுல குடுத்துடறேன்னு ஒத்துக்கிட்டாரு, வவுச்சர் மேல "ரத்து"ன்னு எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டோம், கிழிக்கல. எலெக்ஷன் முடியற வரைக்கும் எந்தக் கட்சிக்கும் மண்டபம் இல்லைன்னு மொதல்ல தீர்மானம் எழுதினாங்க, நான்தான் "எலெக்ஷன் முடியற வரைக்கும்"கற வார்த்தையை அடிக்கச் சொன்னேன். அதுக்குத்தான் அரை மணி நேரம் ஆச்சு. நடந்த பூத் கமிட்டி கூட்டத்தைப் பத்தியும் மினிட் புக்ல அப்படியே எழுதியாச்சு, போலீஸுக்கு எழுதற விஷயத்தை நாளைக்கு மன்னார்குடி வந்து சாரை நேர்ல பாத்துப் பேசறேன்.

தேரடி அண்ணே, உங்க கேள்வியையும் நான் அங்க வச்சேன். தண்ணி, பயிர் இன்சூரன்ஸ், ரோடு மாதிரி ஊர்க் கூட்டம் எங்க போடறதுன்னு பேசினோம், அதுக்கு மட்டும் முடிவு வரல. ஒருத்தர் ஆலமரத்தடின்னாரு, ஒருத்தர் பள்ளிக்கூடத் திடல்னாரு, மழைக்காலத்துல என்ன பண்றதுன்னு அப்படியே நின்னுடுச்சு.

அண்ணன் என்கூட பேசல. இன்னிக்குக் காலையில உண்டியல் எண்ணினப்ப வந்தாரு, எதிர்ல உக்காந்து பத்து ரூபாய் நோட்டா எடுத்து நீவி நீவி அடுக்கினாரு, கட்டுக்கு நூறு எண்ணி என் பக்கம் தள்ளி விட்டாரு, நான் ரப்பர் பேண்ட் போட்டேன்.